நெய்யூரில் தங்கிவிட்ட சாமர்வெல்: உதவுகிற மனசுக்குள் என்ன ஓடுகிறது? ஒரு நிகழ்வு ஆய்வு

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர்ச் சபைகளில் வாலிபர் கூட்டம் நடந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். ஒருவருக்கு உதவும்போது உள்ளுக்குள் வேறு ஏதோ கணக்கு ஓடினால், அந்த உதவி தேவனுக்கு முன் செல்லுமா? பரலோகத்தில் பலன் உண்டு என்று செய்கிறோமா, நாலு பேர் பார்க்கட்டும் என்று செய்கிறோமா, வாங்குகிறவர் ஒருநாள் சபைக்கு வருவார் என்று செய்கிறோமா, இல்லை, கண்டும் காணாமல் போனால் ராத்திரி தூக்கம் வராது என்பதற்காகச் செய்கிறோமா? இதைப் பொதுவாகப் பேசினால் ஆளுக்கொரு வசனம் சொல்லிவிட்டு டீ குடித்துக் கலைந்துவிடுவோம். அதனால் நமக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில் நடந்த ஒரே ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு, ஒரு மனிதர் எதற்காக உதவ வந்தார், எதற்காகத் தங்கினார் என்று முடிந்தவரை பிரித்துப் பார்க்கிறேன்.

அவர் டாக்டர் ஹோவர்டு சாமர்வெல். இடம் கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர்.

வருவதற்கு முன்னால் அவருக்கு நடந்தது

சாமர்வெல் 1890-இல் இங்கிலாந்தின் வடக்கே கெண்டல் என்ற ஊரில் பிறந்தவர். செருப்புத் தொழில் நடத்திய வசதியான குடும்பம், கேம்பிரிட்ஜ் படிப்பு, லண்டனில் அறுவை மருத்துவப் பயிற்சி. கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் விசுவாசத்தில் உறுதிப்பட்டவர், மலையேற்றப் பைத்தியமும் உள்ளவர். முதல் உலகப்போரில் ராணுவ மருத்துவராகப் பிரான்சுக்குப் போனார். 1916 ஜூலை 1 அன்று சோம் போர் தொடங்கியது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் மட்டும் 57,000-க்கு மேற்பட்டவர்கள் சாவோ காயமோ அடைந்தார்கள், இறந்தவர்கள் ஏறக்குறைய 19,000 பேர். காயம்பட்டவர்கள் வந்து குவிந்த முகாம் ஒன்றில் அவர் அறுவை மருத்துவர். மேசைகள் சில, திறந்த வெளியில் கிடந்தவர்கள் நூற்றுக்கணக்கில். யாரை எடுத்தால் பிழைப்பான், யாரை விட்டுவிட வேண்டும் என்று நடந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். அந்த வயதில் அதைச் செய்த ஒருவர் வாழ்நாள் முழுக்க வேறு மாதிரித்தான் யோசிப்பார்.

அப்புறம் 1922. எவரெஸ்ட் உச்சியை எட்டுவதற்காகக் கிளம்பிய முதல் பயணத்தில் சாமர்வெல் இருந்தார். இரண்டு முயற்சி தோற்றபின், பருவமழைப் பனி விழத் தொடங்கிய நேரத்தில், ஜூன் 7 அன்று மூன்றாவது முறை ஏறினார்கள். மேலே பிரிட்டிஷ் மலையேறிகள் மல்லோரி, சாமர்வெல், கிராஃபோர்டு. பின்னால் கயிறுகளில் கட்டிக்கொண்டு சுமை தூக்கிய ஷெர்பாக்கள். புதுப்பனி சரிந்தது. ஏழு பேர் செத்தார்கள். ஏழு பேரும் சுமை தூக்கிகள், வெள்ளைக்காரர் ஒருவர்கூட இல்லை. தங்களில் ஒருவராவது அவர்களோடு செத்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டதை சாமர்வெல் பிற்காலத்தில் வெளிப்படையாகவே எழுதினார். ஏறலாம் என்று முடிவெடுத்தது இவர்கள், உயிர் கொடுத்தது கூலிக்கு வந்தவர்கள். இந்தக் கணக்கு அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஊர் திரும்புவதற்கு முன் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கிளம்பியவர், அந்தச் சுற்றில் தென் திருவிதாங்கூரின் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

அன்றைய நெய்யூர்

இன்றைக்குத் திங்கள்சந்தை வழியாகப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு நெய்யூர் ஒரு சாதாரண ஊர். லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மீட் 1828-இல் அங்கே மிஷன் தளம் தொடங்கினார், 1838-இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே வந்து மருத்துவ வேலையைத் தொடங்கினார். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல்தான், சாமர்வெல் வந்த காலத்தில் இது திருவிதாங்கூர் ராஜாவின் நாடு. தோளில் சீலை போடும் உரிமைக்காக எங்கள் பாட்டிமார்களின் பாட்டிமார்கள் அடிவாங்கிய நாடு. 1859-இல்தான் அதற்கு ராஜ அறிவிப்பு வந்தது. சாமர்வெல் இங்கே வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருடம், 1924-இல், வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. மனிதனை மனிதன் தொடாத ஒரு நாட்டில், யார் வந்தாலும் தொட்டுப் பார்க்கிற ஆஸ்பத்திரி என்றால் அது வெறும் மருத்துவம் மட்டும் இல்லை. இதை மறந்துவிட்டு மிஷனரிகளின் நோக்கத்தைப் பேசினால் பேச்சு அந்தரத்தில் நிற்கும்.

நோய்களும் இந்த மண்ணுக்கே உரியவை. குடல்புண் சர்வசாதாரணம். மரச்சீனியும் சோறுமாகச் சாப்பிட்டு உழைத்த ஜனங்களுக்கு முன்சிறுகுடலில் புண் வந்து, ஆறாமல் தழும்பாகி, வழியே அடைத்துக்கொள்ளும். சாப்பிட்டது கீழே இறங்காது, வாந்தியெடுத்து வாந்தியெடுத்தே எலும்பாகிவிடுவார்கள். மருந்தால் ஆகாத கட்டத்தில், அடைத்த இடத்தைச் சுற்றிவிட்டு இரைப்பையை நேராகச் சிறுகுடலோடு இணைத்துத் தைப்பார்கள். இந்த அறுவைச் சிகிச்சையை நெய்யூரில் ஏராளமாகச் செய்தார்கள். இன்னொன்று வாய்ப் புற்றுநோய். வெற்றிலையோடு புகையிலையைக் கன்னத்தில் அடக்கிவைக்கிற பழக்கத்தால், அடக்கிவைத்த இடத்திலேயே புற்று வரும். திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப் புற்றைப் பற்றி, அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஆர் (Orr) என்ற டாக்டர் 1933-இல் லான்செட் இதழில் கட்டுரை எழுதினார். நெய்யூர் என்றால் இன்றும் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஞாபகத்துக்கு வருவதற்கு இப்படி ஒரு பழைய வேர் உண்டு.

1922-இல் சாமர்வெல் பார்த்தது இதைத்தான்: முடிவில்லாத நோயாளி வரிசை, அதற்குக் கொஞ்சமும் ஈடுகட்டாத அறுவை மருத்துவர்கள். சில நாள் தங்கிக் கைகொடுத்தார். லண்டனில் நல்ல எதிர்காலம் காத்திருந்தது. அதை விட்டுவிட்டு 1923-இல் இங்கே வந்து சேர்ந்தார். 1949 வரை நெய்யூர், அதன்பின் 1961 வரை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவ ஆசிரியர். 1975-இல் இங்கிலாந்தில் இறந்தார். உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும், 1924-இல் எவரெஸ்ட்டில் ஏறி மறைந்த மல்லோரி அந்தக் கடைசி ஏற்றத்துக்கு எடுத்துப்போன கேமரா இவருடையது என்பதற்காக. எனக்கு இது ஆறவே ஆறாது.

குற்ற உணர்ச்சிதான் காரணமா?

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஜூனில் ஏழு பேர் சாவு, அதே வருடம் நெய்யூர். பரிகாரம் தேடி வந்திருக்கிறார் என்று சொல்லி முடித்துவிடலாம்.

முழுக்க மறுக்க மாட்டேன். 1924-இல் அவர் நெய்யூரிலிருந்து விடுப்பு எடுத்து மறுபடி எவரெஸ்ட்டுக்குப் போனார். அந்தப் பயணத்தில் நான்கு சுமை தூக்கிகள் வடக்குக் கணவாயில், மேலே, புதுப்பனியில் மாட்டிக்கொண்டார்கள். சாமர்வெல்லும் மல்லோரியும் பயணத் தலைவர் நார்ட்டனும் அவர்களைக் கூட்டிவர ஏறினார்கள். சரிவின் குறுக்கே கயிறு கட்டிக்கொண்டு போனவர் சாமர்வெல், தொண்டை ஏற்கெனவே கெட்டிருந்தது. கயிறு அவர்கள் இருந்த இடம்வரை எட்டவில்லை. இருவர் தாண்டி வந்தார்கள், மற்ற இருவர் வழுக்கிச் சரிந்து விளிம்புக்குச் சற்று முன் நின்றார்கள். தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, பனிக்கோடரியை ஊன்றி அதில் கயிற்றைச் சுற்றி, நுனியைப் பிடித்துக்கொண்டு எட்டி, அவர்களை ஒவ்வொருவராக இழுத்தார். 1922-இன் ஏழு பேர் மனசில் இல்லாமல் அதைச் செய்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஆனால் குற்ற உணர்ச்சி ஓலைத் தீ மாதிரி, குப்பென்று பிடிக்கும், சீக்கிரம் அணையும். ஒரு பெரிய நன்கொடைக்கு அது போதும், ஒரு வீரச் செயலுக்கும் போதும். கால் நூற்றாண்டுக்கு மேல் தினமும் காலையில் எழுந்து, அதே உஷ்ணத்தில், அதே குடல்களை, அதே அழுகிய கன்னங்களைப் பார்ப்பதற்கு அது போதவே போதாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம் ஆட்கள் இந்தக் கதையைப் பிரசங்கத்தில் சொல்லும்போது விட்டுவிடுகிற இடம். செத்த ஏழு பேரின் குடும்பங்களுக்கு நெய்யூரில் நடந்த ஆபரேஷன்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர்கள் இமயமலைப் பக்கம், இவர்கள் இரணியல் பக்கம். கடன் பட்டது ஓரிடத்தில், கட்டியது வேறிடத்தில். பரிகாரம் என்ற கணக்கில் இது தேறாது.

ஆனாலும் கிறிஸ்தவ விசுவாசத்தில் இந்தக் குறுக்குவழிக் கணக்குக்கு இடம் உண்டு என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மத்தேயு 25-இல் ராஜா சொல்வது, மிகவும் சிறியவரான இந்தச் சகோதரரில் ஒருவருக்குச் செய்தது எனக்கே செய்தது என்று. அங்கே நீதிமான்கள் ஆச்சரியப்பட்டுக் கேட்கிறார்கள், ஆண்டவரே, உம்மை எப்போது பசியுள்ளவராகக் கண்டோம் என்று. அவர்களுக்குத் தெரியவே இல்லை! யாருக்குச் செய்கிறோம் என்ற பக்திக் கணக்குகூட இல்லாமல், முன்னால் நின்ற ஆளின் பசியை மட்டும் பார்த்திருக்கிறார்கள். பட்ட கடனை உரியவருக்கே கட்ட முடியாமல் போகும்போது, கண்முன் இருப்பவருக்குச் செய்வதை தேவன் தன் கணக்கில் வைத்துக்கொள்கிறார் என்றால், குற்ற உணர்ச்சிக்கும் ஒரு நல்ல வாசல் திறக்கிறது. தன்னையே பார்த்துக்கொண்டிருந்தவன் எதிரில் இருப்பவனைப் பார்க்கத் தொடங்குகிறான்.

ஆள் சேர்க்கும் நோக்கம்

மிஷன் ஆஸ்பத்திரி என்றால் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும், வரவும் வேண்டும். லண்டன் மிஷன் தன் நோக்கத்தை ஒளிக்கவில்லை. நோயாளிகளுக்கு ஜெபமும் பிரசங்கமும் உண்டு, சீமையில் பணம் திரட்ட அறிக்கைகளும் உண்டு. மருத்துவத்தையும் கல்வியையும் மதமாற்றத்துக்குக் கருவியாக்குவதை காந்தி 1930-களில் கடுமையாகவே எதிர்த்தார், சேவையை சேவையாக மட்டும் செய்யுங்கள் என்றார். நான் கிறிஸ்தவன், சுவிசேஷம் நல்ல செய்தி என்று நம்புகிறவன், ஆனாலும் அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. வலியில் கிடக்கிறவரிடம் பேரம் பேசுவது பாவம், அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

லூக்கா 17-ஐ எடுத்துப் பாருங்கள். பத்து குஷ்டரோகிகள் சுகமானார்கள், ஒருவன் மட்டும் திரும்பி வந்து நன்றி சொன்னான், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார், வருத்தத்தோடுதான். ஆனால் அந்த ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கிறிஸ்தவ உதவியின் நோக்கத்தைச் சோதிக்க எனக்கு இதைவிட நல்ல இடம் தெரியவில்லை. வராத ஒன்பது பேருக்கும் அதே கவனம், அதே தையல், அதே மருந்து கிடைத்ததா? நெய்யூருக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் சுகமாகி, இந்துவாகவோ இஸ்லாமியராகவோ அப்படியே வீட்டுக்குப் போனார்கள். ஆஸ்பத்திரி அடுத்த நாளும் திறந்திருந்தது. ஆள் சேர்ப்பது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், கணக்குப் பார்த்து எப்போதோ மூடியிருப்பார்கள்.

இதே தென்னாட்டில், ஆந்திர எல்லைப் பக்கம் வேலூரில் நடந்ததும் இதற்கு ஒத்தது. ஐடா ஸ்கடர் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தும் மிஷனரி ஆகவே கூடாது என்று இருந்த பெண். திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூன்று வீட்டுக்காரர்கள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிகளைப் பார்க்கப் பெண் வேண்டும், ஆண் மருத்துவர் கூடாது என்றார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா போய் மருத்துவம் படித்து வந்து, 1902-இல் வேலூரில் ஆஸ்பத்திரி திறந்தார். அவரையும் அதிர்ச்சியும் குற்ற உணர்ச்சியும்தான் முதலில் தள்ளின என்று சொல்லலாம். ஆனால் 1918-இல் அவர் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, விஷயம் அவருடைய மனநிம்மதியைத் தாண்டிப் போய்விட்டது. தான் ஒருத்தி போதாது, இந்த நாட்டுப் பெண்களே மருத்துவர்களாக வேண்டும் என்ற யோசனை அது.

நெய்யூரிலும் அப்படித்தான். 1860-களிலேயே டாக்டர் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிவிட்டார், பிற்காலத்துக் கிளை ஆஸ்பத்திரிகள் நம் ஆட்களின் கையில்தான் ஓடின. சாமர்வெல் தன் கடைசி இந்திய ஆண்டுகளை வேலூரில் பாடம் சொல்லிக் கொடுப்பதில் செலவழித்தார். உதவுகிறவர் தன் இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கத் தயாராகும்போதுதான் அவருடைய நோக்கம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. தான் மட்டுமே தேவைப்பட வேண்டும் என்ற ஆசை நல்லவர்களையும் பிடிக்கிற வியாதி.

அப்படியானால் என் தீர்ப்பு

சாமர்வெல் கலப்பான நோக்கத்தோடுதான் வந்தார். போரில் கண்டது, பனியில் பறிகொடுத்தது, வாலிப வயதில் உறுதிப்பட்ட விசுவாசம், கண்ணெதிரே நின்ற வரிசை, புது இடத்தைத் தேடுகிற அந்த மலையேறி மனசு, எல்லாம் அதில் இருந்தன. இதில் எது எத்தனை பங்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. அன்னதானம் பண்ணினாலும் அன்பு இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அதை வைத்துக்கொண்டு, அப்படியானால் என்னிடம் சுத்தமான அன்பு வரட்டும், பிறகு உதவுகிறேன் என்று உட்கார்ந்துவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். பவுல் பேசியது செய்கிறவனுக்குக் கிடைக்கும் பிரயோஜனத்தைப் பற்றி. சோறு வாங்கிச் சாப்பிட்டவனுக்குப் பிரயோஜனம் இல்லை என்று அவர் சொல்லவே இல்லை. அதே பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, சிலர் பொறாமையால் கிறிஸ்துவை அறிவிக்கிறார்கள், எப்படியாவது அறிவிக்கப்படுகிறாரே, சந்தோஷம் என்கிறார்.

நாம் கிரியைகளால் இரட்சிக்கப்படுவதில்லை, கிருபையால் என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறோம். அதை உண்மையாகவே நம்பினால், உதவியை வைத்து எனக்காக எதையும் சம்பாதிக்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. அவர் முந்தி நம்மில் அன்புகூர்ந்தார் என்கிறது யோவானின் நிருபம். வாங்கியவன் கொடுக்கிறான், அவ்வளவுதான். நோக்கம் சுத்தமாவது உதவுகிற வேலையின் நடுவில்தான், முகம் பார்த்து, பெயர் தெரிந்து, மறுபடி மறுபடி போகும்போது. நல்ல சமாரியன் உவமையில் எல்லாரும் எண்ணெயையும் திராட்சரசத்தையும் பற்றியே பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது அவன் சத்திரக்காரனிடம் சொன்னது: அதிகமாகச் செலவானால் நான் திரும்பி வரும்போது தருவேன் என்று. திரும்பி வருவதற்கான ஏற்பாட்டைச் செய்துவிட்டுத்தான் போகிறான். அவன் யூதனும் இல்லை, நம் சபை உறுப்பினனும் இல்லை என்பதைக் கிறிஸ்தவர்களுக்கு மட்டுமே இரக்கம் உண்டு என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

நம் கடற்கரையில் இது

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல். நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரையுள்ள எங்கள் கடற்கரை ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை, ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் அதிகம் உள்ளவை. எச்சரிக்கை வந்தபோது அவர்கள் ஏற்கெனவே கடலில் இருந்தார்கள். புயலுக்குப் பிறகு எல்லாத் திருச்சபைகளிலிருந்தும் அரிசி மூட்டைகள் வந்தன, பேனர்களும் வந்தன, மூட்டையைப் பிடித்தபடி போட்டோவும் எடுத்தார்கள். அந்த அரிசி தேவைப்பட்டது, அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் உடல் கிடைக்காத வீடுகளுக்கு உண்மையான தேவை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. காணாமல் போனவரை இறந்தவராகக் கருத சாதாரணச் சட்டப்படி ஏழு வருடம் ஆக வேண்டும். ஒக்கியில் அரசு அதைத் தளர்த்தி, குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. ஆனால் அதற்கு முன் கிடைத்த உடல்களோடு ஒப்பிட டி.என்.ஏ. பரிசோதனை, வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, படகுக் கடன் என்று எத்தனை அலைச்சல். இரண்டு மாநிலத்து ஆபீஸ்களுக்கு நடுவே, மலையாளத்தில் ஒரு காகிதம், தமிழில் ஒரு காகிதம் என்று ஒரு விதவை கைக்குழந்தையோடு நடந்தால், கூட ஒருவர் வருவது எவ்வளவு பெரிய உதவி! அதில் போட்டோ எடுக்க ஒன்றும் இல்லை. வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்றால் அதற்குத் தாலுகா ஆபீஸ் வராந்தா நல்ல இடம்.

அதனால் வாலிபர் கூட்டத்தில் இனி இந்தக் கேள்வி வந்தால், என் நோக்கம் சுத்தமா என்று சோதிப்பதில் சாயங்காலம் முழுக்கச் செலவழிக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அடுத்த புயலோ வெள்ளமோ வரும்போது நிவாரணக் கமிட்டி பட்டியல் போடுமல்லவா, அதில் அரிசி, பாய், போர்வைக்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: ஆறாம் மாதம் இந்த வீட்டுக்கு யார் போவார், அவருக்கு முடியாமல் போனால் பதிலாக யார். மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பெயர் அதில் கட்டாயம் இருக்கட்டும்.